அமிட்ராஸ் தெளித்தும் உண்ணி ஏன் திரும்ப ஏறுகிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வி இது. ஒரே கொட்டகையில் கறவையில் இருக்கும் ஜெர்சி கலப்புப் பசு ஒன்றும், அதன் இரண்டு மாதக் கன்றும், உம்பளச்சேரி என்னும் நாட்டினப் பசு ஒன்றும் நிற்கின்றன. கலப்புப் பசுவின் மடி, காது, வாலடி எங்கும் உண்ணி அப்பியிருக்கிறது. உம்பளச்சேரிப் பசுவின் உடம்பில் தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படுகிறது. மருந்துக் கடையில் அமிட்ராஸ் என்னும் உண்ணி மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளித்ததில் உண்ணிகள் விழுந்தன, ஆனால் பத்து நாளில் பெரிய உண்ணிகள் மறுபடியும் ஏறிவிட்டன. மருந்து போலியா, அளவைக் கூட்டலாமா, பக்கத்து வீட்டார் சொல்வதுபோல் நெல்லுக்கு அடிக்கும் மருந்தையே மாட்டுக்கும் அடிக்கலாமா, தெளித்த மாட்டின் பாலைச் சொசைட்டியில் ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் போலி மருந்து என்ற சந்தேகத்தைப் பார்ப்போம். தெளித்ததும் உண்ணிகள் விழுந்தன என்று அவரே எழுதியிருப்பதால், மருந்து வேலை செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மாட்டின் மேல் இருந்தவை விழுந்தன. கொட்டகையில் காத்திருந்தவை ஏறின. உண்ணிக் கூட்டத்தின் பெரும்பகுதி எந்த நேரத்திலும் மாட்டின் மேல் இருப்பதில்லை. அது சுவர் வெடிப்பிலும், தீவனத் தொட்டியின் அடியிலும், கட்டுத்தறியைச் சுற்றிய மண்ணிலும், மேய்ச்சல் தரையின் புல் நுனியிலும் இருக்கிறது. மாட்டின் மேல் மட்டும் தெளிக்கும் எந்த மருந்தும், அது எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும், இந்தப் பெரும்பகுதியைத் தொடுவதே இல்லை.

அமிட்ராஸ் 1969-இல் இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனத்தில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்ட வேதிப்பொருள். நம் உடலில் அட்ரினலின் வகைப் பொருள்கள் செய்யும் வேலைக்கு ஈடான வேலையைப் பூச்சி, உண்ணி, சிலந்தி இனங்களில் ஆக்டோபமின் என்னும் பொருள் செய்கிறது. ஆக்டோபமின் போய் அமரும் ஏற்பிகளில் அமிட்ராஸ் போய் அமர்ந்துகொள்வதால் உண்ணியின் நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அது நிலைகொள்ளாமல் தவித்து, தோலுக்குள் செலுத்தியிருந்த வாயுறுப்பைத் தானாகவே உருவிக்கொண்டு கீழே விழுகிறது. கையால் பிடுங்கும்போது வாயுறுப்பு முறிந்து தோலிலேயே தங்கிப் புண்ணாகும் தொல்லை இதில் இல்லை என்பது இந்த மருந்தின் பெரிய வசதி. ஆனால் விழுந்த உண்ணிகள் எல்லாம் அந்த நொடியிலேயே செத்துவிட்டன என்று எண்ணக் கூடாது. அரைகுறையாக மருந்து பட்டு, வயிறு நிறைந்த பெண் உண்ணி தரையில் ஒதுங்கி முட்டையிட்டுவிடலாம். ஆகவே தெளித்த அன்று மாலையும் மறுநாளும் தரையைக் கூட்டி, குப்பையை எருக்குழிக்கு அனுப்பாமல் எரித்துவிடுவது நல்லது.

இனி, இடைவெளிக்கு வருகிறேன். தவறு நடந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். நம் மாடுகளில் காணப்படும் உண்ணிகளில் இரண்டு இனங்களை விவசாயி பிரித்து அறிந்துகொள்வது அவசியம். ஒன்று ரிப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்பது. இதன் குஞ்சு புல்லிலிருந்து மாட்டின் மேல் ஏறிவிட்டால், குஞ்சுப் பருவம், இளம் பருவம், முதிர்ந்த பருவம் ஆகிய மூன்றையும் அதே மாட்டின் மேலேயே கழித்து, ஏறத்தாழ 21 நாளில் பெண் உண்ணி இரத்தம் நிறைந்து, அவரை விதை அளவுக்குச் சாம்பல் நிறமாக உப்பிக் கீழே விழுகிறது. விழுந்த ஒரு பெண் உண்ணி 2000 முதல் 3000 முட்டை வரை இடும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகள் தீனியே இல்லாமல் சில மாதம்கூட உயிரோடு காத்திருக்கும். இந்த இனத்துக்கு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிப்பதில் பொருளே இல்லை. முதல் தெளிப்பில் இருந்தவை விழுந்துவிடும்; அமிட்ராஸின் வீரியம் தோலில் சில நாளே நிற்கும் என்பதால், அதற்குப் பின் ஏறும் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடத் தயாராகும் முன், அதாவது 18 முதல் 21 நாளுக்குள், அடுத்த தெளிப்பு விழ வேண்டும். இப்படி ஐந்தாறு சுற்று விடாமல் செய்தால், முட்டையிடும் தலைமுறையே உருவாகாமல் போய்க் கொட்டகையும் மேய்ச்சல் தரையும் மெல்ல மெல்லச் சுத்தமாகும். ஆஸ்திரேலியாவில் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கும் முறை மூன்று வாரக் கணக்கில் அமைந்ததற்கும் இந்த 21 நாளே காரணம்.

மற்றொன்று ஹயலோம்மா. இதன் கால்கள் நீளமாக, கணுக்களில் வெண்மையான வளையங்களோடு இருக்கும், ஓட்டமும் வேகம். இது தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே மாட்டின் மேல் கழிப்பதில்லை. ஒரு பருவத்தில் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, சுவர் வெடிப்பில் தோலுரித்து, அடுத்த பருவத்தில் மறுபடியும் ஏதாவது ஒரு மாட்டின் மேல் ஏறும். மாட்டின் மேல் அது தங்குவது ஒவ்வொரு முறையும் சில நாள்தான். ஆதலால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாட்டில் மட்டும் தெளிப்பவருக்கு இந்த இனம் பெரும்பாலும் அகப்படாது. கொட்டகையைச் சரிசெய்தால்தான் கட்டுக்குள் வரும். கலப்பினப் பசுக்களைக் கொல்லும் தைலீரியா நோயைப் பரப்புவதும் இதுவே என்பதால், முதலில் உங்கள் மாட்டில் இருக்கும் உண்ணியின் காலைப் பாருங்கள். பத்து நாளிலேயே பெரிய உண்ணிகள் திரும்பி வந்துவிட்டன என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கொட்டகைச் சுவரில் ஹயலோம்மா குடியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

அளவைப் பற்றி. கடைகளில் பரவலாகக் கிடைப்பது 12.5 சதவீத அமிட்ராஸ். அதாவது ஒரு மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து. மாட்டு உண்ணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி கலக்க வேண்டும். அப்போது லிட்டருக்கு 250 மில்லிகிராம், அதாவது 0.025 சதவீதக் கரைசல் கிடைக்கிறது. பத்து லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. இதற்கு மேல் கூட்டினால் உண்ணிக்கு ஆகும் கெடுதல் அதிகமாகாது, மாட்டுக்குத்தான் மயக்கமும் வயிற்று மந்தமும் வரும். குறைத்தால் இன்னும் மோசம். அதைப் பிறகு சொல்கிறேன். பாட்டில் மூடியால் அளப்பது வேண்டாம், ஏனென்றால் மூடிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஊசி மாட்டாத ஒரு சிரிஞ்சை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கியது 12.5 சதவீதம் இல்லாமல் வேறு செறிவாக இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. லேபிளில் இருப்பதே கணக்கு.

தெளிக்கும் விதம் அளவைப் போலவே முக்கியம். முதுகில் நாலு பீய்ச்சு பீய்ச்சிவிட்டு மருந்தடித்தாயிற்று என்று சொல்வதை நிறையப் பார்க்கிறோம். உண்ணி முதுகில் குடியிருப்பதில்லை. காதின் உட்புறம், கழுத்தில் தொங்கும் தாடி, முன்னங்கால் அக்குள், தொடையிடுக்கு, மடியின் பின்பக்கம், வாலின் அடி, குளம்பிடுக்கு ஆகிய இடங்களே அதன் வீடு. வளர்ந்த ஒரு மாட்டை முடி நனைந்து தோல்வரை மருந்து இறங்கும்படி தெளிக்க நான்கு லிட்டர் கரைசலாவது பிடிக்கும். காதுக்கும் முகத்துக்கும் தெளிப்பானைப் பிடிக்காமல், கையுறை போட்டுக்கொண்டு துணியில் நனைத்துத் துடைத்துவிடுவது பாதுகாப்பு. தெளிக்கும் முன் மாட்டுக்கு வயிறாரத் தண்ணீர் காட்டிவிட வேண்டும். தாகத்தோடு நிற்கும் மாடு தன் உடம்பில் வழிவதையே நக்கும். உச்சி வெயிலில் வேண்டாம், மழை வரும் போலிருந்தாலும் வேண்டாம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் இப்படி மழையில்லாத அரை நாள் கிடைப்பது அரிது என்பது தெரிந்ததே; அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியில் இரண்டு மூன்று சுற்றை முடித்துவைப்பது உத்தமம். இன்னொன்று: வயலுக்குக் களைக்கொல்லி அடித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் மாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். சிறிய கைத்தெளிப்பான் ஒன்று தனியாக வாங்கிக்கொள்வதற்கு ஆகும் செலவு ஒரு வைத்தியச் செலவுக்குக் கீழேதான் இருக்கும்.

கலக்கிய கரைசலை மீதம் வைத்து அடுத்த நாள் அடிப்பது வீண் வேலை. அமிட்ராஸ் தண்ணீரில் கலந்ததும் சிதையத் தொடங்கிவிடும். சாதாரணத் தண்ணீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பாதி போய்விடும், புளிப்புத் தன்மையுள்ள நீரில் சில மணி நேரத்திலேயே போய்விடும். மருந்துத் தொட்டிகள் வைத்திருக்கும் நாடுகளில், தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டி இதைக் காப்பாற்றுவார்கள். டெல்டாமெத்ரின் என்னும் வேறொரு மருந்தின் குணம் இதற்கு நேர் எதிர்; காரம் பட்டால் அது சிதையும். நம் வீடுகளில் பொங்கலுக்குச் சுண்ணாம்படித்த கொட்டகைச் சுவரில் அந்த ஈரம் காயும் முன்பே டெல்டாமெத்ரினைத் தெளித்துவிட்டு, மருந்து பிடிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வதுண்டு. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்படித்திருந்தால் அமிட்ராஸ் நிற்கும், டெல்டாமெத்ரின் நிற்காது. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

அளவைக் குறைப்பது ஏன் மோசம் என்றால், குறைந்த வீரியத்தில் பிழைத்துக்கொள்ளும் உண்ணிகளே அடுத்த தலைமுறைக்கு முட்டையிடுகின்றன. நாலைந்து ஆண்டு ஒரே மருந்தை, அதுவும் தண்ணீர் கூட்டி, முதுகில் மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால், அந்த ஊர் உண்ணிகளுக்கு அந்த மருந்து பழகிவிடும். அமிட்ராஸுக்கு எதிர்ப்புத் தன்மை பெற்ற உண்ணிகள் 1980-களிலேயே ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டன. இந்தியாவில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ஆகியவற்றுக்கு எதிர்ப்புப் பெற்ற மாட்டு உண்ணிகள் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. சரியான அளவு, சரியான இடைவெளி, கொட்டகைச் சுத்தம் மூன்றும் இருந்தும் தெளித்த இரண்டாம் நாளில் உயிருள்ள உண்ணி மாட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அப்போது எதிர்ப்புத் தன்மையைச் சந்தேகிக்கலாம். வயிறு நிறைந்த பெண் உண்ணிகள் சிலவற்றைக் காற்றோட்டமுள்ள சிறு டப்பாவில் உயிரோடு எடுத்துக்கொண்டு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தின் ஒட்டுண்ணியியல் துறையில் காட்டிக் கேட்கலாம். உண்ணிகளை மருந்தில் முக்கி எடுத்து, அவை முட்டையிடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மருந்தை மாற்றும்போது வேறு வகைக்கு மாற வேண்டும். டெல்டாமெத்ரினிலிருந்து சைபர்மெத்ரினுக்குப் போவது மாற்றம் ஆகாது, இரண்டும் பைரித்ராய்டு என்னும் ஒரே குடும்பம்.

மற்ற மருந்துகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விவசாயிகள் பியூடாக்ஸ் என்று பெயர் சொல்லி வாங்குவது டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம், லிட்டருக்கு 2 மில்லி கலந்தால் 25 மில்லிகிராம் வீரியம் கிடைக்கிறது. அமிட்ராஸுக்கு லிட்டரில் 250 மில்லிகிராம், இதற்கு 25 மில்லிகிராம் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பாட்டிலும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் அளவை மற்றதற்குப் பொருத்திவிடக் கூடாது. ஃபுளூமெத்ரின் 1 சதவீதம் முதுகுத் தண்டின் மேல் திமிலிலிருந்து வாலடிவரை கோடுபோல் ஊற்றும் மருந்து; பத்து கிலோ உடல் எடைக்கு 1 மில்லி, அதாவது 300 கிலோ பசுவுக்கு 30 மில்லி. விலை கூட, ஆனால் மழைக்காலத்தில் தெளிப்பைவிட இதுவே தோது. ஐவர்மெக்டின் ஊசியை 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்று தோலுக்கடியில் போடுவார்கள். ஜப்பானின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த அந்த மருந்துக்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பெலுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து அருமையானது, ஆனால் அது கொழுப்பில் தங்கிப் பாலில் பல நாள் வெளியேறும் என்பதால் கறவைப் பசுவுக்கு ஆகாது. உங்கள் கலப்புப் பசுவுக்கு யாராவது அந்த ஊசியைப் போட வந்தால் கறவையில் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அமிட்ராஸைக் குதிரைக்குத் தெளிக்கவே கூடாது. குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்தாகும். கொட்டகையில் படுக்கும் நாயையும் மறந்துவிட வேண்டாம். மாட்டுக்குக் கலக்கிய மீதியை நாய் மேல் ஊற்றாமல், அதற்கு உரிய மருந்தைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பைரித்ராய்டு மருந்துகள் பூனைக்கு நஞ்சு.

நெல்லுக்கு அடிக்கும் மருந்தை மாட்டுக்கு அடிக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே பதில். ஒரு தலைமுறைக்கு முன் கமாக்சின் பொடியை மாட்டின் மேல் தூவித் தேய்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; அப்போது ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அந்தப் பொடியில் இருந்த பிஹெச்சி என்னும் பூச்சிக்கொல்லி மண்ணிலும் பாலிலும் கொழுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குவது என்பதால் 1997-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வயல் மருந்துகளில் மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் போய், வாயில் எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, மூச்சு முட்டி மாட்டைச் சாய்த்துவிடும். சைபர்மெத்ரின் இரண்டு இடத்திலும் உண்டே என்று கேட்கலாம். பெயர் ஒன்றாக இருந்தாலும் செறிவும் கரைப்பானும் வேறு; வயலுக்கான 25 சதவீதத்தை மாட்டு மருந்தின் கணக்கில் கலந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமிட்ராஸை மனிதர் தவறுதலாகக் குடித்துவிட்டாலோ, மேலெல்லாம் கொட்டிக்கொண்டாலோ, உறக்கக் கலக்கமும், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்குவதும், கண்மணி சுருங்குவதும், இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் காணப்படும். கண்மணி சுருங்கி நாடி இறங்கியிருப்பதைப் பார்த்ததும், டெல்டாவில் அதிகம் வரும் பாஸ்பரஸ் மருந்து நஞ்சு என்றே எடுத்துக்கொண்டு அதற்கான சிகிச்சை தொடங்கிவிட வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அமிட்ராஸுக்கு மனிதரில் தனியான மாற்று மருந்து கிடையாது. மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடுவார்கள். எனவே மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலக் கூடாது. இதன் கரைப்பான் சைலீன் வகை, நுரையீரலுக்குள் போனால் கெடுதல். அதே காரணத்தால் பீடி பற்றவைத்துக்கொண்டு மருந்து கலக்குவதும் ஆபத்து. சர்க்கரை நோய் உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் தெளிக்கும் வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

பாலைப் பற்றி. அமிட்ராஸ் உடலில் விரைவாகச் சிதைந்து சிறுநீரில் வெளியேறும் தன்மையுடையது. பாலில் வருவது மிகக் குறைவு. ஆயினும் பாலை எத்தனை நேரம் ஊற்றக் கூடாது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. உங்கள் பாட்டிலின் லேபிளில் எழுதியிருக்கும் நேரமே உங்களுக்குச் சட்டம். லேபிள் கிழிந்துபோன பாட்டிலைக் கறவை மாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். உண்மையில் பாலில் மருந்து கலப்பது மாட்டின் உடலுக்குள்ளிருந்து வருவதைவிட, மடியின் வெளித்தோலில் காய்ந்திருப்பது கறக்கும் கையோடு பாத்திரத்தில் இறங்குவதால்தான் அதிகம். காலைப் பால் கறந்து முடித்ததும் தெளியுங்கள். மாலையில் கறக்கும் முன் மடியையும் காம்புகளையும் வெதுவெதுப்பான நீரால் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் துடையுங்கள். லேபிள் சொல்லும் நேரம் முடியும்வரை அந்தப் பால் சொசைட்டிக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம்.

டெல்டாக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு பொறுப்பு வாய்க்கால். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும் வழக்கப்படி, ஆண்டில் பாதிக்கு மேல் நம் ஊர்களில் வாய்க்காலும் வயலும் குளமும் வடிகாலும் ஒரே நீர்ப்பரப்பாகத் தொடர்பு கொண்டிருக்கின்றன. மருந்தடித்த மாட்டை அன்றே குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டுவதும், தெளிப்பானை மதகடியில் கழுவுவதும் சாதாரணமாக நடக்கிறது. பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு; லிட்டருக்கு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்கூட அவை சாகும். கீழே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு மேலேயிருந்து வரும் இந்தத் தண்ணீர்தான் வாழ்வும் சாவும். அமிட்ராஸ் அந்த அளவுக்குக் கொடியது இல்லை, ஆனாலும் மீனுக்கு ஆகாத மருந்துதான். தெளித்த பின் குறைந்தது இரண்டு நாளாவது மாட்டைக் குளத்தில் இறக்க வேண்டாம். தெளிப்பானைக் கழுவிய நீரை நீர்நிலையிலிருந்து தள்ளி மேட்டு மண்ணில் குழிதோண்டி ஊற்றுங்கள். தேனீக்களுக்கு மட்டும் அமிட்ராஸ் விதிவிலக்கு. தேன்கூட்டைத் தாக்கும் வரோவா என்னும் சிற்றுண்ணியைக் கொல்ல, மேலைநாடுகளில் தேன்பெட்டிக்குள்ளேயே இதைப் பட்டையாகத் தொங்கவிடுகிறார்கள். சிற்றுண்ணி சாகிறது, தேனீக்குப் பெரிய கேடில்லை.

இனி கொட்டகை. என் கருத்தில், உங்கள் பணத்தில் பாதி இதற்குத்தான் போக வேண்டும். மண் சுவரானால் வெடிப்புகளைச் சாணமும் களிமண்ணும் குழைத்து அடைத்து, மேலே சுண்ணாம்படியுங்கள். செங்கல் சுவரானால் ஓர் ஆள் உயரத்துக்காவது சிமென்ட் பூசிவிட்டால் ஹயலோம்மாவுக்குப் புகலிடம் பாதியாகக் குறையும். கட்டுத்தறியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துப் புது மண் போடுங்கள். வைக்கோல் போரைக் கொட்டகைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள்; அடிப்போரில் ஈரம் தங்கி, உண்ணிக் குஞ்சுகளுக்கு நிழலும் குளிர்ச்சியும் கிடைக்கிறது. மாட்டில் தெளிக்கும் அதே நாளில் மாடுகளை வெளியே கட்டிவிட்டு, சுவர், தொட்டியடி, கூரைக் கைமரம் எங்கும் லேபிளில் கொட்டகைக்கென்று சொல்லியிருக்கும் அளவில் தெளித்து, காய்ந்த பிறகே உள்ளே கட்டுங்கள். தீவனத் தொட்டியின் உட்புறத்தில் மட்டும் தெளிக்க வேண்டாம். கோழிகள் உண்ணியைக் கொத்தித் தின்பது உண்மைதான், நல்ல உதவியும்தான்; ஆனால் மருந்தடித்த அன்று விழுந்த உண்ணிகளைத் தின்னவிடாமல் கோழியை அடைத்து வைக்க வேண்டும்.

சம்பா அறுவடைக்குப் பின் தரிசில் கிடை போட வெளியூர் ஆடுகளும் மாடுகளும் வரும் காலத்தையும் கவனத்தில் வையுங்கள். கிடை நிலத்துக்கு எருவைத் தருகிறது, கூடவே உண்ணியையும் இறக்கிவிட்டுப் போகலாம். கிடை கிடந்த வயலில் உங்கள் கலப்புப் பசுவை உடனே மேய விடாதீர்கள்.

உம்பளச்சேரிப் பசுவின் உடம்பில் உண்ணி குறைவாக இருப்பதில் வியப்பில்லை. நாட்டினங்களின் தோல் உண்ணிக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. அவை தம்மை நக்கியும் தேய்த்தும் சுத்தம் செய்துகொள்வதும் அதிகம். திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுப் பண்ணை வைத்து இந்த இனத்தைக் காப்பாற்றி வருவதற்கு இப்படிப்பட்ட குணங்களும் காரணம். ஆனாலும் அதற்கும் சேர்த்தே தெளிக்க வேண்டும். ஒரே கொட்டகையில் ஒரு மாட்டை விட்டுவைத்தால், அதன் மேல் பிழைக்கும் நாலு உண்ணியே மற்றதற்கு விதை.

உம்பளச்சேரிப் பசுவைப்போல் உண்ணி குறைவாக உள்ள மாட்டுக்கு மூலிகைத் தெளிப்பும் போதுமானதாக இருக்கலாம். பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், உன்னிச்செடி இலை, துளசி ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வாரம் ஒரு முறை தெளிக்கும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மருத்துவப் பிரிவு பரிந்துரைக்கிறது. உங்கள் கலப்புப் பசுவின் இப்போதைய நிலையில் இதை மட்டும் நம்புவது சரியில்லை. அமிட்ராஸ் சுற்றுகளுக்கு இடைப்பட்ட வாரங்களில் இதைத் தெளித்துக்கொண்டு வந்தால் பலன் இருக்கும், பால் பற்றிய கவலையும் இல்லை.

கன்றுக்குத் தெளிப்பானைப் பிடிக்க வேண்டாம். அதே 0.025 சதவீதக் கரைசலைத் துணியில் நனைத்துப் பிழிந்து உண்ணி உள்ள இடங்களில் மட்டும் துடையுங்கள். உடம்பு காயும்வரை தாயிடம் விடாதீர்கள். தாய் கன்றை நக்கும், கன்று தாயின் மடியைச் சப்பும், இரண்டு வழியிலும் மருந்து வயிற்றுக்குள் போகும். கலப்பினக் கன்றுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டால் தைலீரியா நோய்க்குத் தடுப்பூசி போடலாம். அந்தத் தடுப்பு மருந்தைத் திரவ நைட்ரஜனில் வைத்துத்தான் காக்க முடியும் என்பதால் எல்லா மருந்தகத்திலும் எந்நேரமும் இருக்காது. உங்கள் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும்.

கடைசியாக, உண்ணி இவ்வளவு ஏறியிருந்த பசு என்பதால் அடுத்த மூன்று வாரத்துக்குத் தினமும் காலையில் அதன் காய்ச்சலையும் சிறுநீரையும் பாருங்கள். தோள்பட்டைக்கு முன்னால் உள்ள நெறிக்கட்டி முட்டை அளவுக்கு வீங்கி, விடாத காய்ச்சலும், கண்ணின் உள்ளிமை வெளுப்பும், பால் திடீர்க் குறைவும் இருந்தால் தைலீரியாவாக இருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபீசியாவாக இருக்கலாம். இரண்டுக்கும் ஊசி வேறு வேறு, தைலீரியாவுக்கு உரிய புபார்வக்வோன் நோயின் தொடக்கத்தில் போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும். அப்படி ஏதும் கண்டால் உண்ணி மருந்தை மறுபடி தெளித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், அன்றே காது நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் எடுத்துச் சோதிக்கச் சொல்லி மருத்துவரை அழையுங்கள்; மாட்டை நடத்திக் கொண்டுபோக முடியாத நிலையானால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும்.